பெரியண்ணன் போட்ட கையெழுத்து

வலைப்பந்தாட்ட நடுவர்களாக இருக்கும் இளம் பிள்ளைகள் இருவர் போன மாதம் என் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒருத்தி விசிலைக் கழுத்தில் போட்டபடியே வந்திருந்தாள். பஸ்ஸில் யாராவது தவறு செய்தால் ஊதலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

"மிஸ், சிலோன் டீம் முதல் முதல் வெளிநாட்டோட விளையாடின காலத்தில நீங்க இருந்தீங்கதானே. நடுவர் சங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்க" என்று கேட்டாள்.

எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று பட்டியல் போட்டாலே போதுமாம். பட்டியல் போடுவது பெரிய வேலையில்லை. எங்கள் காலத்து அணியின் சர்வதேச வரலாறு ஒரு கொப்பியின் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். தோற்றோம், தோற்றோம், சமன், மறுபடி தோற்றோம் என்று போகும். நடுவில் ஒரே ஓர் இடத்தில் வென்றோம் என்று வரும். என் காலத்தில் கடல் கடந்து போய் நாங்கள் வென்றது அந்த ஓர் ஆட்டம்தான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் விருப்பம்.

வயது போன பிறகு நினைவுகள் வரிசையில் வருவதில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்மனைக் கதிரையில் கண்ணயரும்போது தம் பாட்டில் வருகின்றன. பதுளையில் எங்கள் பாடசாலை மைதானம். நமுனுகுல மலை பாதிவரை மேகத்துக்குள் இருக்கிறது. யாரோ ஒருத்தி பந்தை மேலே எறிகிறாள். அது மேகத்துக்குள் புகுந்துவிடுகிறது. நாங்கள் எல்லாரும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறோம். பந்து கீழே வருமுன் விழித்துவிடுவேன்.

நான் சாவகச்சேரிப் பக்கத்தவள். நாடு சுதந்திரம் அடைந்த வருடம் பதுளையில் ஒரு மிஷன் பெண்கள் பாடசாலைக்கு உடற்பயிற்சி ஆசிரியையாக வந்தேன். "பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பந்தெறியப் பழக்கிறதுக்கும் சம்பளம் குடுக்கிறாங்களோ?" என்று என்னைப் பெற்ற ஐயா கேட்டார். கொழும்பில் பெற்ற பயிற்சியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. சில மாதங்கள் ஓடினோம், குனிந்தோம், நிமிர்ந்தோம், ஒரு தாளைச் சுருட்டித் தந்தார்கள். தொழிலை நான் கற்றது மிஸ் ஹெலனிடம்.

மிஸ் ஹெலன் பறங்கி இனத்தவர். அவருடைய தகப்பனார் மலைநாட்டு ரயிலில் கார்டாக இருந்தவர். எங்கள் பாடசாலையில் உடற்பயிற்சிக்குத் தலைவி அவர்தான். பின்னாளில் இலங்கை அணியைத் தெரிவு செய்யும் குழுவிலும் இருந்து, அணியின் முகாமையாளராகவும் ஆனார். மெலிந்த, நெட்டையான உருவம். எந்த வெயிலிலும் சாம்பல் நிறக் குடையை விரிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். விரித்தால் பந்து தெரியாதாம். ஆயாவிடம் கற்ற தமிழைத் தன் போக்கில் பேசுவார். யாரும் சிரிக்கத் துணிந்ததில்லை.

ஆட்டம் தொடங்குமுன் அவர் செய்வது ஒவ்வொன்றும் பூசைபோல் ஒழுங்காக நடக்கும். முதலில் பத்தடி நீள மூங்கில் ஒன்றைக் கொண்டுபோய் இரண்டு வளையங்களின் உயரத்தையும் அளப்பார். நேற்று அளந்த கம்பம் இன்றைக்கு வளர்ந்திருக்காது என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "கம்பம் வளராது. மண் இறங்கும்" என்றார். பிறகு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தோடு, காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார். கடைசியாக நகம். வெள்ளைக் கைக்குட்டை ஒன்றை எடுத்து ஒவ்வொரு விரல் நுனியிலும் மெல்ல இழுப்பார். நூல் மாட்டினால் நகம் நீளம், வெட்டவேண்டும். மாட்டாவிட்டால் விளையாடலாம். கண்ணால் பார்த்து ஒருநாளும் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

நான் நடுவராகப் பழகிய காலத்தில் ஒவ்வொரு முறை விசில் ஊதியதும் அவர் என் பின்னால் வந்து நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

"நீ பார்த்ததா, நினைச்சதா?"

பந்தைப் பிடித்தவள் ஓர் அடி கூடுதலாக வைத்தாள் என்று ஊதியிருப்பேன். பார்த்தேனா? அல்லது வைத்திருப்பாள் என்று நினைத்தேனா? "பார்த்தேன் மிஸ்" என்று சொல்வதற்குமுன் நெஞ்சைத் தொட்டு யோசிக்கவேண்டி வரும். நினைத்ததற்கு ஊதினேன் என்று ஒப்புக்கொண்டால் அவர் கோபிக்கமாட்டார். பொய் சொன்னால் தெரிந்துவிடும். அன்று பின்னேரம் தேநீருக்குக் கூப்பிடமாட்டார். அவ்வளவுதான் தண்டனை. அதற்கே நான் நடுங்குவேன்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தோட்டப் பாடசாலைகளுக்குப் போய் விளையாட்டுப் பழக்கவேண்டும். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். மலையை வெட்டி எடுத்த சின்னத் தட்டை நிலம்தான் மைதானம். பந்து தவறினால் தேயிலைக்குள் உருண்டு, தொழிலாளர் குடியிருக்கும் கீழ்லயம் வரைக்கும் போய்விடும். அங்கே வளையத்துக்கு எங்கே போவது? பழைய கொழுந்துக் கூடை ஒன்றின் அடியை அறுத்து நீளக் கம்பத்தின் உச்சியில் கட்டினோம். இரும்பு வளையம் என்றால் பந்து எப்படிப் போனாலும் உள்ளே சறுக்கி விழ இடமிருக்கிறது. கூடை ஆழமானது. நேர் மேலிருந்து வந்தால்தான் பந்து அதன் வழியாக இறங்கும்.

மிஸ் ஹெலன் ஒருதடவை என்னோடு வந்து இந்தக் கூடையைப் பார்த்துவிட்டுக் குடை நுனியால் அதைச் சுட்டிக் காட்டினார்.

"என் தாத்தாவோட தாத்தா ஊர் ஒல்லாந்து. அங்கே இப்படித்தான் கம்பத்தில் கூடை கட்டி ஒரு விளையாட்டு இருக்கு. கோர்ஃப்பந்து என்று பேர். ஆம்பிளை, பொம்பிளை சேர்ந்து ஒரே டீமில் ஆடுவார்கள்."

கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் அங்கம்மா என்பவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆம்பளையும் பொம்பளையுமா சேந்தா ஆடுவாங்க? அப்ப வீட்டுல சோறாக்குறது யாருங்க தொரைசாணி?"

அந்த அங்கம்மாவின் மகள்தான் மருதாயி. அப்போது பன்னிரண்டு வயது இருக்கும். மேகம் இறங்கி எதிரே நிற்பவள்கூடத் தெரியாத ஒரு காலை. பிள்ளைகள் தம் பெயரைத் தாமே கூவிக்கொண்டு ஓடினார்கள், எங்கே நிற்கிறோம் என்று மற்றவளுக்குத் தெரிவதற்காக. "மருதாயி! மருதாயி!" என்று ஒரு குரல் கூடைப் பக்கம் கேட்டது. பந்தை அந்தக் குரலுக்கு எறிந்தார்கள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு கூடைக்குள் பந்து உரசி இறங்கும் சத்தம். மறுபடி எறிந்தார்கள், மறுபடி அதே சத்தம். நான் விசிலை வாயில் வைத்தபடி, ஊத மறந்து, அந்த வெள்ளைக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறெங்கும் நின்றதாக ஞாபகமில்லை.

மிஸ் ஹெலன் மிஷனோடு பேசி அவளை எங்கள் விடுதிக்குக் கொண்டுவந்தார். விடுமுறையில் தோட்டத்துக்குப் போய்த் தாயோடு கொழுந்து பறிப்பாள். விடுமுறை முடிந்து தவணை தொடங்கி முதல் ஆட்டத்தில் நகம் பார்த்தபோது அவளுடைய விரல்கள் கறுத்திருந்தன.

"இது என்ன?"

"கொழுந்துக் கறை மிஸ். தேச்சுப் பாத்தேன், போகலீங்க."

மிஸ் ஹெலன் கைக்குட்டையை இழுத்தார். நூல் மாட்டவில்லை. "நகம் சரி. கறைக்குச் சட்டம் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்தவளிடம் போனார்.

இலங்கை அணி வெளிநாட்டவரோடு விளையாடத் தொடங்கியது ஐம்பதுகளின் நடுவில். கப்பலில் போகிறபோது கொழும்பில் இறங்கி ஆடிவிட்டுப் போன ஓர் அணி எங்களைத் துவைத்துக் காயப்போட்டது. அவர்கள் ஒவ்வொருத்தியும் கதவு நிலை உயரம். எங்கள் பிள்ளைகள் அவர்களின் முழங்கையோடு விளையாடினார்கள். அதுமட்டுமல்ல, அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு சட்டம். இந்தப் பாதி உங்கள் சட்டம், அந்தப் பாதி எங்கள் சட்டம் என்று பேசித்தான் ஆட்டமே தொடங்கும். தோற்றுவிட்டு வந்து மிஸ் ஹெலன் சொன்னார்: "உயரம் வாங்க முடியாது. மேலே இருந்து இறங்குகிற பந்து வேண்டும்." அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. மருதாயிக்கு அப்போது பதினேழு நடந்துகொண்டிருந்தது. அவள் எறியும் பந்து எந்த நெட்டைக்காரியின் கைக்கும் மேலால் போய், வளையத்துக்கு நேரே நின்று யோசித்துவிட்டு விழும்.

அடுத்த வருடம் தென்னிந்தியாவுக்குப் போய்ச் சில ஆட்டங்கள் ஆட ஒழுங்கானது. மருதாயியைத் தெரிவு செய்தார்கள். தோட்டத்திலிருந்து இலங்கை அணிக்கு வந்தவள் என்று நான் அறிந்தவரை அவள் ஒருத்திதான். நான் துணை முகாமையாளர். பயணப் பத்திரங்கள் எல்லாம் என் பொறுப்பு.

மற்றப் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்தேன், கடவுச்சீட்டு வந்தது. எனக்கும் ஒரு வாரத்தில் வந்தது. மருதாயிக்கு வரவில்லை. அவள் பிறந்தது நமுனுகுல லயத்தில். அவளுடைய அப்பா பெரியண்ணனும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். ஆனால் சுதந்திரம் கிடைத்த கையோடு வந்த சட்டம் தோட்டத்துச் சனத்தை எந்த நாட்டுப் பிரஜையும் இல்லாதவர்கள் ஆக்கிவிட்டிருந்தது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் விண்ணப்பித்து, இத்தனை வருடம் இடைவிடாமல் இங்கேயே குடியிருந்தோம் என்று காட்டவேண்டும். பெரியண்ணன் மனைவியையும் பிள்ளைகளையும் சேர்த்து விண்ணப்பம் போட்டிருந்தார். வருடக்கணக்காக விசாரணைக்குக் காத்திருந்தார். அது முடியும்வரை மகளுக்குக் கடவுச்சீட்டு இல்லை என்று பதில் வந்தது.

கண்டியில் என் மாமா ஒருவர் கிளாக்கராக இருந்தார். அவரிடம் போனேன். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் மூன்று கிழமையில் எடுக்கலாம் என்றார். தகப்பன், தான் இந்தியப் பிரஜை என்று எழுதிக் கையெழுத்து வைத்தால் சரி.

"ஆனால் ஒண்டு பிள்ளை. இங்க பிரஜாவுரிமைக்குப் போட்டிருக்கிற ஆள் இதில கையெழுத்து வைச்சால், பிறகு அங்க வில்லங்கம் வரும். யோசிச்சுச் செய்."

நான் யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், யோசிக்காமல் இருப்பதற்காக அவசர அவசரமாக நடந்தேன். கனவில் நடக்கிறவளைப்போல் இருந்தது அந்தக் கிழமை. கண்ணை மூடினால் மதராஸ் மைதானம், வளையம், மேலிருந்து இறங்கும் பந்து. அதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

பெரியண்ணனைக் கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்துக்கு வரச் சொன்னேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் காய்த்துப் போன கைகள். வெள்ளை வேட்டி கட்டி, யாரிடமோ இரவல் வாங்கிய கோட் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தோட்டத்தில் இராப் பள்ளிக்கூடம் போய்த் தன் பெயரை எழுதப் பழகியவர்.

"என்ன கடுதாசிங்க டீச்சர் இது?"

"பயணத்துக்கு ஒரு பாஸ் மாதிரித்தான். போய்வந்த பிறகு இதால ஒண்டுமில்லை. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

"நீங்க சொன்னா சரிங்க."

மேசைமேல் குனிந்து ஒவ்வோர் எழுத்தாக வைத்தார். பெரியண்ணனில் வரும் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். கைநாட்டு வைக்காமல் கையெழுத்து வைத்த பெருமை அவருக்கு. அந்தத் தாளில் ஆங்கிலத்தில் இருந்தது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பத்திரங்களைக் கட்டிக் கொண்டுபோய் மிஸ் ஹெலனிடம் கொடுத்தேன். மருதாயியின் புத்தகம் மட்டும் வேறு நிறம். அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில் கையெழுத்து வைத்த அப்பாவுக்கு இது என்ன என்று சொன்னாயா?"

"சொன்னனான் மிஸ்."

என் முகத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மற்றவற்றோடு வைத்தார். அன்று பின்னேரம் தேநீருக்குக் கூப்பிடவில்லை. பயண அவசரத்தில் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல். கடல் கண்ணாடி போல் கிடந்தது. மருதாயி அதுவரை கடலைக் கண்டதில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் வெகுநேரம் கழித்து, "டீச்சர், எங்க பூட்டன் இந்தத் தண்ணியத் தாண்டித்தான் வந்தாராம். அப்பா சொல்லும்" என்றாள். பிறகு, "அவரு வர்றப்ப எத்தன நாளாச்சோ. நமக்கு ரெண்டு மணிநேரம்" என்று சிரித்தாள். மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்து எல்லாருடைய முகத்தையும் மங்கலாக்கின. கரையில் இறங்கியபோது, இலங்கை அணி என்று எழுதிய பட்டியை மார்பில் குத்திக்கொண்டு வரிசையில் நின்ற மருதாயியிடம் அந்த வேறு நிறப் புத்தகத்தை அதிகாரி வாங்கிப் பார்த்தார். "உங்க ஊருக்கே வந்துட்டீங்களா?" என்று தமிழில் கேட்டார். "இல்லீங்க, எங்க ஊரு பதுளை" என்றாள் அவள்.

மதராஸில் முதல் ஆட்டம் தோற்றோம். இரண்டாவதிலும் தோற்றோம். மூன்றாவது, மாகாணம் முழுவதிலும் தேர்ந்தெடுத்த அணி. பிற்பகல் நேரம். தரையிலிருந்து அனல் எழுந்து வளையம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் ஆடியது. கடைசிக் கால்பகுதியில் இரண்டு பக்கமும் சமன். பந்து மருதாயியிடம் வந்தது. அவளுக்கு முன்னால் நின்றவள் இரண்டு கையையும் உயர்த்தினாள். மருதாயி அவளைப் பார்க்கவே இல்லை. வளையத்தையும் பார்க்கவில்லை. அதற்கு மேலே, வெறும் வானத்தில் எங்கோ ஓர் இடத்தைப் பார்த்தாள். எறிந்தாள்.

அவ்வளவு உயரம் போன பந்தை அந்த மைதானத்தில் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். சனம் சிரிக்கத் தொடங்கியது. சிரிப்பு முடியுமுன் பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே இறங்கியது. பிறகு விசில். ஒரு கோலால் வென்றோம்.

மிஸ் ஹெலன் குடையைக் கீழே போட்டுவிட்டார். அவர் கையிலிருந்து அந்தக் குடை விழுந்ததை நான் கண்டது அன்றைக்கு மட்டும்தான். கொப்பியில் "வென்றோம்" என்று எழுதி அடியில் கோடு கீறினேன். நான் செய்தது சரிதான் என்று அந்த நிமிடத்தில் முழு மனதோடு நம்பினேன்.

பெரியண்ணனின் விண்ணப்பம் விசாரணைக்கு வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. பதுளையில் ஒரு பழைய கட்டடத்தில் விசாரணை. மகள் இடைவிடாமல் இங்கே படித்தாள் என்பதற்குப் பாடசாலையில் வரவைப் பதியும் இடாப்பைக் காட்டவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அதைக் கொண்டுபோனது நான். பெரியண்ணன் அதே இரவல் கோட்டில் நின்றார். அங்கம்மா தோட்டத்தில் வேலை செய்ததற்கான பழைய துண்டுச் சீட்டுகள், நற்சாட்சிக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தாள். மருதாயி தாய்க்குப் பக்கத்தில் சுவரோடு நின்றாள்.

விசாரணை அதிகாரி மரியாதையான மனிதர். அதையும் சொல்லவேண்டும். பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. சீட்டுகள் சரி, வருடங்கள் சரி, லயத்து இலக்கம் சரி. கடைசியாக இடாப்பைப் புரட்டியவர் ஓர் இடத்தில் விரலை வைத்தார். இரண்டு கிழமை வரவு இல்லை. மாணவி எங்கே?

"இலங்கை அணியோட இந்தியாவுக்குப் போனவ, சேர்" என்றேன். பெருமையோடுதான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று விளங்கியது.

"எந்தக் கடவுச்சீட்டில்?"

அங்கம்மா முடிச்சை அவிழ்த்து, பத்திரமாக வைத்திருந்த அந்தப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். அதுவும் ஒரு நல்ல சாட்சி என்று நினைத்துத்தான் அவள் கொண்டுவந்திருந்தாள்.

அதிகாரி அதைத் திறந்து பார்த்தார். பேனையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "பெரியண்ணன், இத எடுக்கிறதுக்கு நீங்க ஒரு இந்தியப் பிரஜைன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தெரிஞ்சு போட்டிருந்தா இந்த விண்ணப்பம் இன்னையோட முடிஞ்சுது. தெரியாம, வேற யாராச்சும் உங்கள ஏமாத்திப் போட வச்சிருந்தா, சொல்லுங்க. ஐயா எழுதிக்குவாரு. அதுக்கப்புறம் அவங்க மேலதான் நடவடிக்கை வரும். யாரு போடச் சொன்னாங்க?"

வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. பெரியண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நான் இடாப்பைப் பார்த்தேன். நீல மையில் நான் போட்ட கோடுகள், மருதாயியின் பெயருக்கு நேரே வந்தவள், வந்தவள், வந்தவள் என்று. நான் வாயைத் திறக்கவேண்டும். நான்தான் போடச் சொன்னேன், அவருக்குத் தெரியாது என்று ஒரே ஒரு வசனம். அதைச் சொன்னால் அவர்கள் பிழைத்தாலும் பிழைப்பார்கள். என் வேலை போகும். வழக்கும் வரலாம். அடுத்த மாதம் வெளிநாட்டு அணி ஒன்று கொழும்புக்கு வருகிறது. அந்த ஆட்டத்துக்கு முதல் முறையாக என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். இவ்வளவும் என் தலைக்குள் ஓடின. ஓடிக்கொண்டே இருந்தன.

"யாரும் ஏமாத்தலீங்க" என்றார் பெரியண்ணன். "நாந்தான் போட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

மொழிபெயர்ப்பாளருக்கே பொறுக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே."

"யோசிச்சுத்தாங்க சொல்றேன். எம்புள்ள போகணும்னு ஆசப்பட்டேன். தெரிஞ்சுதான் போட்டேன்."

அதிகாரி அதை எழுதினார். படித்துக் காட்டி அதன் கீழே கையெழுத்துக் கேட்டார். பெரியண்ணன் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக வைத்தார்.

வெளியே வந்து தூறலில் நின்றபோது நான் அவரிடம் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெரியாது. அவர் முந்திக்கொண்டார். "நீங்க போங்க டீச்சர், நனையாதீங்க. எம்புள்ளைக்கு நாலெழுத்துச் சொல்லிக் குடுத்தவங்க. ஒங்களப் போயி மாட்டி விடுவேனுங்களா?"

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிரஜையல்லாதவள் என்று மருதாயியை அணியிலிருந்து எடுத்தார்கள். அவள் தோட்டத்துக்குத் திரும்பித் தாயோடு கொழுந்து பறிக்கப் போனாள். நான் கொழும்பில் அந்த ஆட்டத்துக்கு விசில் ஊதினேன். நன்றாக ஊதினேன் என்று எல்லாரும் சொன்னார்கள். மிஸ் ஹெலன் மட்டும் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நடந்ததை அவர் எப்படியோ அறிந்திருந்தார். அதன் பிறகு அவர் ஓய்வு பெறும்வரை, பார்த்ததா நினைத்ததா என்று என்னிடம் கேட்கவே இல்லை. அந்தக் கேள்விக்கு நான் எவ்வளவு ஏங்கினேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

அறுபதுகள் பிறந்து கொஞ்ச நாளில் பெரியண்ணன் குடும்பத்துக்கு நாட்டைவிட்டுப் போகும்படி கடிதம் வந்தது. தற்காலிகமாக இருக்கத் தந்த அனுமதியை இனிமேல் நீட்டமுடியாதாம். காலை ரயிலுக்குப் பதுளை ஸ்டேஷனுக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். மேகம் தண்டவாளம் வரை இறங்கிக் கிடந்தது. தகரப் பெட்டிகள், சுருட்டிய பாய்கள், அழுகிற லயத்துச் சனங்கள், எல்லாம் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும். பெரியண்ணன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். மருதாயி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண்ணாகியிருந்தாள். விரல்கள் கறுத்திருந்தன.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேள் பிள்ளை."

"அன்னிக்கு விசாரணையில அப்பாகிட்ட கேட்டப்ப, நீங்க ஏன் டீச்சர் ஒண்ணுமே பேசல?"

கோபமாகக் கேட்கவில்லை. பாடத்தில் விளங்காத ஒன்றைக் கேட்பதுபோல் கேட்டாள். அந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். பதில்களும் தயாராக வைத்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லையே என்று சொல்லலாம். சொன்னாலும் பலன் இருந்திராது என்று சொல்லலாம்.

"பயந்திட்டன், மருதாயி."

அவள் தலையை ஆட்டினாள். "அப்பாவும் அதான் சொன்னாரு. டீச்சர் பயந்துட்டாங்க, ஊரு விட்டு ஊரு வந்து ஒத்தையில இருக்குறவங்க, பாவம், போறப்ப அவங்ககிட்ட இதக் கேட்டுப்புடாதன்னாரு. நாந்தான் மனசு கேக்காம கேட்டுப்புட்டேன். மன்னிச்சுக்கங்க டீச்சர்."

வண்டி அசைந்தது. மன்னிப்புக் கேட்டவள் அவள். நான் கேட்கவேண்டும் என்று ஜன்னலோடு கூடவே நடந்தேன், பிறகு ஓடினேன், பிளாட்பாரம் முடிகிற இடம்வரை ஓடினேன். வாயைத் திறந்தபோது வண்டி மேகத்துக்குள் போய்விட்டது. அது அடுத்த ஸ்டேஷனான ஹாலிஎலயைத் தாண்டும் நேரம்வரைக்கும் அங்கேயே நின்றேன்.